ஆட்டம் வேறு, ஓசை வேறு



தண்ணீர் மோட்டார், எரிவாயு அடுப்பு, தையல் எந்திரம் என்று வீட்டினுள் புழங்கும் பொருள்களைப் பற்றியே இப்பகுதியில் எழுதி வந்திருக்கிறேன். இம்முறை வாசலில் நிற்கும் ஒரு பொருளைப் பற்றி எழுத நேர்ந்துள்ளது. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஜீப் வண்டியில் சக்கரம் ஆடுவதும், சக்கரத்தினுள் பேரிங் இரைவதும் எதனால், அவற்றை எவ்வாறு கண்டறிவது என்பதே பொருள். "எங்கள் வீட்டில் ஜீப் இல்லையே!" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. மலையடிவாரத் தோட்டத்துக்கோ, உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கோ வாடகை ஜீப்பில் பிள்ளைகுட்டிகளுடன் ஏறி அமராத குடும்பம் எங்கள் பக்கத்தில் அரிது. தவிரவும், கணவர் வளைகுடாவில் இருக்க, வண்டியையும் ஓட்டுநரையும் பட்டறைக் கணக்கையும் தனியே பார்த்துக்கொள்ளும் சகோதரிகள் பலர் உளர். பட்டறையில் நீட்டும் சீட்டில் "பேரிங் மாற்றியது" என்று எழுதியிருந்தால், உண்மையில் எது மாற்றப்பட்டது என்று கேட்க அவர்களும் அறிந்திருத்தல் வேண்டும்.

நான் பொறியியல் படித்தவன் அல்லன். வரலாற்றில் பட்டம் பெற்று, மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருபவன். ஸ்பேனர் பிடித்துப் பழகாத கை இது. ஆயினும் சென்ற ஆண்டு ஐப்பசி மழைக்குப் பின் நிகழ்ந்த ஒன்று, என்னை ஒரு பட்டறை முற்றத்தில் மூன்று நாள்கள் மாணவனாக உட்கார வைத்தது.

என் மச்சானுக்குப் புளியங்குடிக்கு மேற்கே மலையடிவாரத்தில் சிறியதோர் எலுமிச்சைத் தோட்டம் உண்டு. தார்ச்சாலை முடிந்த பின் ஓடை ஒன்றைக் கடந்து மண் பாதையில் போக வேண்டும். மழைக்காலத்தில் அந்தப் பாதையில் சாதாரண வண்டி கால் வைக்காது. எங்கள் கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணோ கேட்கவே வேண்டா. நனைந்தால் சக்கரத்தில் அப்பிக்கொண்டு விடாது. ஆகவே நான்கு சக்கர விசையுள்ள பழைய மகிந்திரா ஜீப் ஒன்றை அவர் வாங்கி வைத்திருந்தார்.

மழை ஓய்ந்ததும் அவ்வண்டி இரண்டு குறைகளைக் காட்டிற்று. ஒன்று, வேகம் கூடக்கூட முன்பக்கத்திலிருந்து "ஊம்...ஊம்..." என்று ஓர் உறுமல். மற்றொன்று, ஐம்பது கி.மீ. வேகத்தில் பள்ளம் ஏதேனும் ஒன்றில் இறங்கி ஏறினால் ஸ்டியரிங் கையை உதறிக்கொண்டு துள்ளும். வண்டியை ஏறக்குறைய நிறுத்தினாலன்றி அடங்காது. மச்சான் வண்டியை வெளியூர்ப் பட்டறை ஒன்றில் விட்டார். "பேரிங் போய்விட்டது" என்று சொல்லி, முன்சக்கரம் இரண்டுக்கும் பேரிங் மாற்றிப் பணம் பெற்றுக்கொண்டனர். வண்டி முதல் நாள் சற்று அமைதியாகவே வந்தது.

பன்னிரண்டாம் நாள் என் தமக்கையின் மாமியாரை மருத்துவரிடம் காட்ட அனைவருமாக இராஜபாளையம் சென்றோம். பிள்ளைகள் இருவரும் உடன் வந்தனர். மஃரிபுக்குப் பின் திரும்பும்போது, தமக்கையார்தான் முதலில் சொன்னார்: "என்னமோ கரியிற வாடை வருதே." யாரோ வயலில் சருகு கொளுத்துகிறார்கள் என்றார் மச்சான். இன்னும் சற்றுத் தூரம் சென்றதும், "சருகு வாடை இல்லைங்க, எண்ணெய் கருகுற வாடை" என்று அவர் உறுதியாகச் சொல்லவே, வண்டியை ஓரங்கட்டினோம். இடப்பக்க முன்சக்கரத்தின் நடுக்குடத்தை, அதாவது ஹப்பை, மச்சான் தொடப்போனவர் சூடு தாங்காமல் கையை இழுத்துக்கொண்டார். பாட்டில் தண்ணீரை இரண்டு சொட்டு விட்டதும், தோசைக்கல்லில் விழுந்ததுபோல் "சொய்" என்று பொங்கி மறைந்தது. வலப்பக்க ஹப் வெதுவெதுப்பாகவே இருந்தது.

எங்கள் ஊரில் முதிய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். ஊரார் அனைவருக்கும் அவர் அண்ணாச்சி. கைப்பேசியில் சொன்னதும் இருசக்கர வண்டியில் வந்து சேர்ந்தார். டார்ச் வெளிச்சத்தில் சக்கரத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டு, "ஹஜ்ரத், இன்னும் நாலு மைல் ஓட்டியிருந்தீங்கன்னா, உங்களுக்கு முன்னாடி சக்கரம் ஊர் போய்ச் சேர்ந்திருக்கும்" என்றார். பெண்களையும் பிள்ளைகளையும் வேறு வண்டியில் ஏற்றிவிட்டு, அன்றிரவு ஜீப்பை அங்கேயே விட்டோம். மறுநாள் அவர் முற்றத்துக்கு அது இழுத்து வரப்பட்டது. நானும் பாடம் முடிந்த நேரங்களில் அங்கே போய் அமர்ந்தேன்.

சக்கரத்தைக் கழற்றும் முன் அவர் சொன்ன ஒரு வாக்கியமே இக்கட்டுரைக்குத் தலைப்பாயிற்று. "ஆட்டம் வேற, சத்தம் வேற. ரெண்டையும் ஒரே சீட்டுல எழுதினா மருந்து மாறிப் போகும்."

மாட்டுவண்டிக் காலத்து மனிதர்க்கு இதை விளக்க வேண்டியிருந்திராது. மரக்குடத்தினுள் இரும்பு அச்சு நேரே உராய்ந்து சுழலும் வண்டி அது. வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்த மையை அச்சில் இடாவிட்டால் வண்டி ஊரெல்லாம் கேட்க முனகும். கடையாணி தேய்ந்தாலோ சக்கரம் தள்ளாடும். முனகலுக்கு மையும், தள்ளாட்டத்துக்குக் கடையாணியும் என்று வண்டிக்காரர் பிரித்து அறிந்திருந்தார். இன்று இரண்டும் ஹப் என்னும் மூடிய பெட்டிக்குள் போய்விட்டமையால் நமக்குப் பிரித்தறியும் கண் இல்லாமற் போயிற்று.

உராய்வை உருளலாக மாற்றுவதே பேரிங்கின் வேலை. வண்டி அச்சில் இரும்புக் குண்டுகளை வைத்து உருளச் செய்யும் முறைக்கு, வேல்ஸ் நாட்டின் கார்மார்தனைச் சேர்ந்த ஃபிலிப் வான் என்பவர் 1794லேயே காப்புரிமை பெற்றார். ஆனால் வண்டிச் சக்கரத்துக்குக் குண்டு மட்டும் போதாது. மேலிருந்து அழுத்தும் சுமையோடு, வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் தள்ளும் விசையையும் அது தாங்க வேண்டும். இதற்கு வழி கண்டவர் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் குதிரை வண்டி செய்துகொண்டிருந்த ஹென்றி டிம்கன். ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்த உருளைகளைச் சாய்த்து அடுக்கிய பேரிங்குக்கு அவர் 1898இல் காப்புரிமை பெற்றார். ஜீப்பின் முன் ஹப்பினுள் எதிரெதிராக இரண்டு இருப்பது இவ்வகைப் பேரிங்கே.

இதில் இரு பகுதிகள் உண்டு. உருளைகளோடு கூடிய உட்பகுதியைக் கோன் என்பர். உருளைகள் ஓடும் வெளி வளையத்தைக் கப் என்பர். கோன் கையால் எடுத்தால் வந்துவிடும். கப்போ ஹப்பினுள் இறுகப் பொருந்தியிருக்கும். தட்டிக் கழற்றப் பொறுமை வேண்டும். இரண்டும் சேர்ந்தே தேய்வதால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பது விதி. அண்ணாச்சி எங்கள் ஹப்பைத் திறந்தார். கோன் புதிது, சூட்டில் நீலம் பாரித்துப் போயிருந்தது. கப் பழையது, அம்மைத் தழும்புபோல் குழிகள். முன்னே வேலை செய்தவர்கள் எளிதாக வந்ததை மாற்றிவிட்டு, கடினமானதை அப்படியே விட்டிருந்தனர். பழைய பள்ளத்தில் புதிய உருளை ஓடினால் புதியதும் பள்ளமாகும். "பேரிங் மாற்றியது" என்ற சீட்டு பொய்யன்று, பாதி மெய்.

இதனினும் பெரிய பிழை மற்றொன்று. சக்கரம் ஆடுகிறது என்று சொன்னோம் அல்லவா? ஆட்டத்தை நிறுத்தவேண்டி ஹப்பின் நட்டை முழு வலுவோடு இறுக்கியிருந்தனர். சாய் உருளைப் பேரிங்கை இறுக்கினால் உருளைகள் சாய்தளத்தில் ஆப்புப்போல் ஏறிச் சிக்கிக்கொள்ளும். கிரீஸ் படலம் அறுந்து, இரும்பு இரும்போடு உரசும், சூடேறும், ஈற்றில் உருளைகள் பற்றிக்கொண்டு அச்சு முனையையே அறுத்துவிடும். எங்கள் வண்டி அதை நோக்கித்தான் சென்றுகொண்டிருந்தது. சிறிது தளர்ந்த பேரிங் ஓசையிட்டுப் பல நாள் எச்சரிக்கும். மிக இறுகிய பேரிங்குக்கு அத்தனை பொறுமை இல்லை.

சரியான முறை, சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, அது பிடிக்கத் தொடங்கியதும் சற்றுத் தளர்த்துவது. பழைய வில்லிஸ் ஜீப்பின் கையேடு ஆறில் ஒரு சுற்றுத் தளர்த்தச் சொல்கிறது. ஆறு முகமுள்ள நட்டாதலால் ஒரு முகம் என்று நினைவில் கொள்ளலாம். பிறகு பூட்டு வாஷரின் விளிம்பை மடித்து, மேல் நட்டைப் போட்டு, மறுபடியும் சுழற்றிப் பார்க்க வேண்டும். மேல் நட்டு இறுகும்போது கீழ் நட்டும் சற்று நகர்ந்துவிடுவதுண்டு; ஆகவே இறுதியில் மீண்டும் பார்ப்பதை விட்டுவிடலாகாது.

ஜீப்பின் பெயர் வந்ததால் இடையில் ஒன்று. வரலாறு படித்தவனுக்கு வாய் சும்மா இராது! வில்லிஸ் ஜீப்பை 1940களின் இறுதியில் இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கிய நிறுவனம், 1945இல் எஃகு வணிகத்துக்காகத் தொடங்கப்பட்டபோது அதன் பெயர் "மகிந்திரா அண்டு முகம்மது". மகிந்திரா சகோதரர்களுடன் கூட்டாளியாக இருந்த குலாம் முகம்மது, பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகி, 1951 முதல் 1955 வரை அந்நாட்டின் கவர்னர் ஜெனரலாகவும் இருந்தார். அவர் சென்ற பின் 1948இல் பெயர் "மகிந்திரா அண்டு மகிந்திரா" ஆயிற்று. நம் மலைப்பாதைகளில் ஏறி இறங்கும் ஜீப்புகளின் பின்னால் இப்படியும் ஒரு கதை உண்டு.

வண்டிக்கு வருவோம். புதிய கப்பும் கோனும் போட்டு, கிரீஸை உருளைகளின் இடுக்குகளில் உள்ளங்கையால் அழுத்தி நிரப்பி, அளவாக இறுக்கிய பின் ஓட்டிப் பார்த்தோம். சூடு இல்லை. உறுமல் பாதியாகக் குறைந்தது. ஆனால் ஸ்டியரிங் உதறல் முன்னிலும் அதிகமாயிற்று! மச்சான் முகம் வாடிவிட்டது. "இறுக்கியிருந்தபோது இவ்வளவு ஆடவில்லையே, அண்ணாச்சி?" என்றார். "அந்த இறுக்கம் நோயில ஒரு பாதிய மூடி வச்சிருந்தது, இப்பத்தான் மிச்சம் வெளியில தெரியுது" என்று சொல்லிவிட்டு அவர் ஜாக்கியை எடுத்தார்.

ஜாக்கி போடுமுன் அவர் செய்ததை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். தேருக்கு முட்டுக்கட்டை கொடுப்பதுபோல், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தார். கை பிரேக் இருக்கிறதே என்றேன். பழைய ஜீப்புகள் சிலவற்றில் கை பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர் பெட்டிக்குப் பின்னால் சுழலும் தண்டைப் பிடிக்கிறது. அத்தகைய வண்டியில் பின்சக்கரம் ஒன்றைத் தூக்கினால், தண்டு நின்றிருந்தாலும் டிஃபரன்ஷியல் வழியாக ஒரு சக்கரம் முன்னும் மற்றது பின்னுமாகச் சுழலக்கூடும். தரையில் நிற்கும் சக்கரம் உருளும். வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். கை பிரேக்கை நம்பி அடியில் படுப்பது எவ்வளவு ஆபத்து என்று அன்றுதான் அறிந்தேன். ஜாக்கியை மட்டும் நம்பாமல் அச்சின் கீழ் உறுதியான தாங்கியும் வைத்தார்.

முதலில் அவர் பார்த்தது சக்கர நட்டுகளை. பங்சர் ஒட்டிய பின் நட்டு சரியாக இறுகாமல் போனால், சக்கரத் தட்டு போல்ட்டுகளில் அசைந்து அசைந்து துளைகளையே நீள்வட்டமாக்கிவிடும். இது காசு செலவில்லாத சோதனை; ஆகவே முதற்சோதனை. சக்கரம் கழற்றி மாட்டினால் ஐம்பது, நூறு கி.மீ. ஓடிய பின் ஒருமுறை மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். பழைய வண்டி வைத்திருப்போர்க்கு ஒரு குறிப்பு: போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகள் இடப்புரியாக அமைந்தவை. அவ்வழியில் வந்த வண்டி எனில், பங்சர் கடைப் பையன் வழக்கப்படி திருகினால் நட்டு கழலாமல் மேலும் இறுகி, போல்ட் முறியும்.

அடுத்ததாக, தூக்கிய முன்சக்கரத்தின் உச்சியை ஒரு கையாலும் அடியை மற்றொரு கையாலும் பற்றி உள்ளும் புறமும் ஆட்டினார். "டக், டக்" என்று ஆட்டம் தெரிந்தது. பேரிங்தான் இன்னும் தளர்வோ என்று நான் எண்ணினேன். அண்ணாச்சி என் மருமகனை வண்டியில் ஏற்றி, பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொன்னார். பிரேக் பிடித்ததும் ஹப் தன் தாங்குபகுதியோடு ஒன்றாகிவிடுகிறது. பேரிங்கினால் வந்த ஆட்டமாயின் அது அப்போது மறைந்துவிட வேண்டும். மறையவில்லை. ஆகவே குறை பேரிங்கில் இல்லை. சக்கரத்தை இடமும் வலமும் திருப்புவதற்கு உதவும் கிங்பின்னில் இருக்கிறது. இவ்வளவு எளிய சோதனை! ஒருவர் ஆட்ட, ஒருவர் பிரேக் மிதிக்க, அரை நிமிடத்தில் நோய் இருப்பிடம் தெரிந்துவிட்டது. முதற்பட்டறையில் இதைச் செய்திருந்தால் இராஜபாளையம் சாலையில் நாங்கள் நின்றிருக்க வேண்டியதில்லை.

சக்கரத்தின் இடப்புறத்தையும் வலப்புறத்தையும் பற்றி ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால், ஸ்டியரிங் தண்டுகளின் முனைகளை, அதாவது டை ராடு எண்டுகளை, ஐயுற வேண்டும். மேலும் கீழும், பக்கவாட்டிலும் என்று எப்படி ஆட்டினாலும் ஆடி, பிரேக் மிதித்ததும் அடங்கினால் பேரிங். ஸ்பிரிங் பட்டையின் புஷ்கள் தேய்ந்திருந்தாலும் முன்னச்சு முழுவதுமே நகர்ந்து உதறலுக்கு இடந்தரும். அதை அடியில் குனிந்து, மற்றொருவர் ஸ்டியரிங்கை ஆட்டும்போது கண்ணால் பார்த்தே அறியலாம்.

உதறலின் தன்மையை வாசகர்கள் நேரிலேயே பார்த்திருப்பர். ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ செல்வோரை வழியனுப்பப் போகும்போது விமான நிலையத்துத் தள்ளுவண்டியைக் கவனியுங்கள். சற்று வேகமாகத் தள்ளினால் அதன் சிறு சக்கரம் ஒன்று திடீரென இடமும் வலமுமாகப் படபடவென்று அடித்துக்கொள்ளும். மெதுவாகத் தள்ளினால் அடங்கும். ஜீப்பின் முன்சக்கரத்துக்கும் அதே இயல்பு உண்டு. சக்கரம் நிலத்தைத் தொடும் இடம், அது திரும்பும் அச்சுக்கோட்டிற்குச் சற்றுப் பின்னால் விழும்படி கிங்பின் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் திருப்பிய ஸ்டியரிங் தானே நேராகிறது. கிங்பின் பேரிங்குகள் தளர்ந்துவிட்டால், பள்ளத்தில் விழுந்த ஒரு சிறு தட்டு, ஒரே அச்சில் பூட்டிய இரு சக்கரங்களையும் ஊஞ்சலாட்டத் தொடங்கிவிடும்; ஒவ்வோர் ஆட்டமும் அடுத்ததை வளர்க்கும். அந்நிலையில் ஸ்டியரிங்கை இரு கைகளாலும் உறுதியாகப் பிடித்து, வேகத்தைப் படிப்படியாகக் குறைப்பதே வழி.

சிலர் இதற்கு ஸ்டியரிங் டாம்பர் என்னும் குழலைப் புதிதாக வாங்கி மாட்டுவர். உதறல் அடங்கவும் கூடும். கிங்பின் தளர்வு அப்படியே இருக்க, அதன் அறிகுறியை மட்டும் அடக்குவதை நான் ஏற்கமாட்டேன். குழல் தளர்ந்த அன்று நோய் முன்னிலும் முற்றி வெளிப்படும்.

அண்ணாச்சி கிங்பின்னின் மேல் மூடியைத் திறந்தார். உள்ளே தகரத் தாள்போன்ற மெல்லிய ஷிம்கள் இருந்தன. பேரிங்குகளை மாற்றி, ஷிம்களைக் கூட்டியும் குறைத்தும் இறுக்கத்தைச் சரிசெய்தார். இறுக்கம் போதுமா என்று அளக்க அவர் எடுத்த கருவிதான் எனக்கு வியப்பூட்டியது. பழைய கடைக்காரர்கள் வைத்திருக்கும் கொக்கித் தராசு! ஸ்டியரிங் தண்டைக் கழற்றிவிட்டு, திரும்பும் பகுதியின் கையில் கொக்கியை மாட்டி இழுத்து, அசையத் தொடங்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். இது கைமருந்து முறையன்று. தயாரிப்பாளர்களின் கையேடுகளே சொல்லும் முறை. ஒவ்வொரு வண்டிக்கும் எத்தனை கிலோ என்று கையேட்டில் அளவு இருக்கும். முன்பக்கம் முழு அச்சுள்ள மாருதி ஜிப்சிக்கும் இதுவே முறை. வளைகுடாவில் பணிபுரியும் வாசகர் பலர் அறிந்த டொயோட்டா லேண்ட் குரூசரின் 70ஆம் வரிசை வண்டிகளிலும் இதே அமைப்பு உண்டு. மணற்பரப்பில் ஓடி உதறத் தொடங்கும் வண்டிக்கு அங்கும் இதே சோதனைதான். புதிய ஜீப்புகள் பலவற்றில் முன்பக்கம் முழு அச்சு இல்லை. கிங்பின்னுக்குப் பதிலாகப் பால் ஜாயிண்ட் பார்க்க வேண்டும். ஹப் பேரிங்கும் பல புதிய வண்டிகளில் மூடி முத்திரையிட்ட ஒரே துண்டாக வருகிறது. அதை இறுக்கவோ தளர்த்தவோ இயலாது, தேய்ந்தால் மாற்றுவதே.

இவ்வாறு உதறல் நின்றது. எஞ்சிய பாதி உறுமல்?

மூன்றாம் நாள் மாலை ஆளற்ற நேர் சாலையில் என்னையும் ஏற்றிக்கொண்டு ஓட்டினார். அறுபது கி.மீ. வேகத்தில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். எஞ்சின் ஓசை தாழ்ந்தது. உறுமல் அப்படியே நின்றது. எனவே எஞ்சின் அன்று. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் அது மாறவில்லை. எனவே டிஃபரன்ஷியல் பற்சக்கரமாக இருக்க வாய்ப்பு குறைவு. அகன்ற வளைவில் வலப்புறம் திருப்பினார். அப்போது வண்டியின் பாரம் இடச்சக்கரத்தில் சாயும். இடப்பக்கப் பேரிங் கெட்டிருந்தால் உறுமல் பெரும்பாலும் கூடும். இடப்புறம் திருப்பினால் வலப்பேரிங் பேசும். இரண்டிலும் மாற்றமில்லை. பின்னர்ச் சாலையின் புதிதாகத் தார் போட்ட பகுதி வந்தது. உறுமல் சட்டென்று மென்மையாயிற்று. சொரசொரப்பான பழைய பகுதியில் மீண்டும் உரத்தது. "பேரிங்குக்கு ரோடு தெரியாது, ஹஜ்ரத், டயருக்குத்தான் தெரியும்" என்றார். இறங்கி முன் டயரின் மேல் உள்ளங்கையை ஓட்டினேன். ஒரு திசையில் வழவழப்பு. எதிர்த்திசையில் ரம்பப் பல். பல நாள் உதறலில் டயர் அலையலையாகத் தேய்ந்திருந்தது. முன் டயரைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றியதும் ஓசையும் பின்னால் போய்விட்டது.

நான்கு சக்கர விசை வண்டிக்கே உரிய இரு செய்திகள் மீதமுள்ளன. பழைய ஜீப்புகள் சிலவற்றின் முன் ஹப்பில் திருகிப் பூட்டவும் விடவும் கூடிய அமைப்பு உண்டு. விட்ட நிலையில் ஓட்டினால் முன்சக்கரங்கள் மட்டுமே சுழலும். முன்னச்சின் உள்தண்டு, பற்சக்கரம், நடுத்தண்டு ஆகியவை நின்றுவிடும். பூட்டி ஓட்டும்போது ஓசை, விட்டு ஓட்டும்போது அமைதி என்றால் ஹப் பேரிங்கின்மேல் பழி போடலாகாது. குறை உள்ளே இருக்கிறது. இரு நிலையிலும் ஒரே ஓசை எனில் பேரிங் அல்லது டயர். திருப்பும்போது மட்டும் "டக்டக்" என்றால் அச்சினுள் இருக்கும் ஜாயிண்டைப் பார்க்க வேண்டும்.

மற்றொன்று மச்சான் செய்துவந்த தவறு. "நாலு சக்கரமும் இழுத்தால் பிடிப்பு நல்லது" என்று தார்ச்சாலையிலும் அந்த லீவரைப் போட்டே ஓட்டியிருக்கிறார். வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் போவதால் அதிகம் சுழல வேண்டும். இவ்வகை ஜீப்பில் அந்த லீவரைப் போட்டால் முன்தண்டும் பின்தண்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டுவிடுகின்றன. சேற்றில் டயர் வழுக்கி அவ்வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க வழியில்லை. தண்டுகள் முறுக்கேறி, ஸ்டியரிங் கனத்து, வண்டி விக்கி விக்கித் திரும்பும். இதைச் சக்கரக் கோளாறு என்று எண்ணிப் பட்டறைக்குப் போவோரும் உண்டு. கோளாறு லீவரில் இருக்கும் கையில்தான்!

பேரிங் முதலில் ஏன் கெட்டது என்பதற்கும் விடை கிடைத்தது. வலப்பக்க ஹப்பைத் திறந்தபோது உள்ளிருந்த கிரீஸ் மோர்போல் வெளுத்திருந்தது. தோட்டத்து ஓடை! நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய ஹப் குளிர்ந்த நீரில் இறங்கியதும், உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த ஆயில் சீலின் வழியாக நீரை உறிஞ்சிக்கொள்கிறது. ஓடைக்கு முன்னால் சற்று நேரம் வண்டியை நிறுத்தி ஆறவிட்டு இறக்கும்படி அண்ணாச்சி சொன்னார். ஆழநீரில் இறங்கிய பருவம் முடிந்ததும் இரு ஹப்பையும் திறந்து கழுவிப் புதுக் கிரீஸ் வைப்பதையும், சீலை மாற்றுவதையும் மச்சான் இப்போது தவறுவதில்லை. பட்டறையில் விட்டால் கழற்றிய கப்பையும் கோனையும் கையில் வாங்கிப் பார்த்த பின்னரே பணம் எண்ணுகிறார்.

இராஜபாளையம் போய்வந்தால் வீட்டு வாசலில் வண்டி நின்றதும், நான்கு ஹப்புகளுக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிட்டுப் பார்ப்பது என் தமக்கையாரின் வேலை. ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் பேரிங்கோ, விடாமல் உரசும் பிரேக்கோ என்று பார்த்தாக வேண்டும். அதுவரை மறுநாள் தோட்டத்துக்குச் சாவி கிடைப்பதில்லை.